ஆகாரமே உடலின் வேலி

நெற்பயிருக்குத் தழைச்சத்தை மட்டும் மிகுதியாக இட்டு, மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் இடாது விடுவோமாயின் யாது நேரும் என்பதைக் குடியானவர்கள் நன்கறிவர். பயிர் கரும்பச்சையாய்த் தழைத்து வளரும். வரப்பிலே நிற்பவர் கண்ணுக்கு அது மிகச் செழிப்பாகவே தோன்றும். ஆயினும் மேகமூட்டமும் பனியும் சேர்ந்தவுடன் குலை நோய் முதலில் பற்றுவது அவ்வயலைத்தான். புகையான் பூச்சி அடைவதும் அவ்வயலைத்தான். சத்தே காணாத வயலோ வெளிறிக் குன்றி, வேறொரு வகையில் நோய்க்கு இரையாகிறது. குறையும் கேடு, மிகையும் கேடு, ஒரு பக்கம் சாய்ந்த உரமும் கேடு என்பது வயல் கற்பிக்கும் பாடமாகும்.

இப்பாடம் மனித உடலுக்கும் பொருந்தும். வியாதியை உண்டாக்கும் கிருமிகள் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் எங்கும் உள்ளன. ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசிக்கும் ஐவருள் ஒருவர் மட்டும் படுக்கையில் விழுவதும் ஏனையோர் தப்புவதும் எதனால் என்று ஆராய்ந்தால், வயது, முன்னரே அடைந்த வியாதி, தடுப்பூசி முதலிய பல காரணங்களோடு, அவரவர் உண்ணும் ஆகாரமும் ஒரு முக்கிய காரணமாக நிற்கக் காணலாம்.

அரியாங்குப்பத்து உணவு

புதுச்சேரியினின்று கடலூர் செல்லும் சாலையில், ஆற்றங்கரையில் அமைந்த அரியாங்குப்பமும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களும் வயல் வளமும் கடல் வளமும் ஒருங்கே பெற்றவை. அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்பார் அகழ்ந்தெடுத்த ரோமானியத் தாழிகள், ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையோடு மேல்நாட்டார் வாணிபம் செய்தமைக்குச் சான்றாகும். அத்தகைய தாழிகளில் திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் வந்திறங்கின என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டனர். கடல் கடந்து வந்தவர்கள் தங்கள் ஊர் உணவைக் கைவிடாது கொண்டுவந்தனர். இவ்வூரில் இருக்கும் நாமோ நம் மண்ணில் விளையும் உணவிற் பலவற்றை மறந்து வருகிறோம்.

இக்காலத்துச் சாதாரணக் குடும்பத்தின் உணவை நோக்குங்கால், மூன்று வேளையிலும் அரிசியே பெரும் பங்கு வகிக்கிறது. சோறு மலைபோலவும், குழம்பிலுள்ள பருப்பு அருமையாகவும், கீரை வாரத்திற்கு ஒருமுறையாகவும் இருக்கும் இலைகள் ஏராளம். வயிறு நிரம்புகிறது, ஆனால் உடல் நிறைவதில்லை. இதன் உட்பொருளை முதன்முதலில் உலகுக்கு விளக்கியதும் அரிசியே என்பது குறிப்பிடத்தக்கது.

தவிடு கற்பித்த பாடம்

சென்ற 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் 'பெரிபெரி' என்னும் வியாதி பரவியிருந்தது. கால்கள் மரத்து, உடல் வீங்கி அல்லது வற்றி, இதயம் தளர்ந்து ஜனங்கள் மாண்டனர். அது கிருமியால் வருவதென்று எண்ணி ஆராயப் புகுந்த கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் டச்சு வைத்தியர், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கும் அதனையொத்த வியாதி கண்டதைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை உண்ட கோழிகள் கால் மடிந்து வீழ்ந்தன; தவிடு நீங்காத அரிசிக்கு மாற்றப்பட்டவுடன் எழுந்து நடந்தன. கிருமி அன்று, தவிட்டோடு கழிக்கப்பட்ட ஒரு சத்தின் குறைவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அச்சத்தினை 1926ஆம் ஆண்டில் தவிட்டினின்றே படிகமாகப் பிரித்தெடுத்தனர். இன்று அதனைத் 'தயமின்' அல்லது 'பி1 ஜீவசத்து' என்கிறோம். எய்க்மானுக்கு 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சி நீலகிரியிலே வளர்ந்தது. 1918ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்தியரின் முயற்சியால் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கியது. அவர் இந்தியாவின் பல பிரதேசத்து மக்கள் உண்ணும் ஆகாரங்களை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பயறு, காய்கறி அடங்கிய பஞ்சாபியர் உணவை உண்ட எலிகள் கொழுமையாய் வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியையே உண்ட கூட்டம் மெலிந்து, நோய்க்கு எளிதில் உட்பட்டது. அந்த ஓரறை ஆய்வுக்கூடமே பெருகி 1958ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

நிற்க, அரிசி உண்ணும் தமிழர் நாட்டில் பெரிபெரி அக்காலத்தில் ஏன் அரிதாயிருந்தது என்ற வினா எழும். அதற்கு விடை நம் பாட்டிமாரின் புழுக்கற் பானையில் இருக்கிறது. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் ஆலையில் தீட்டினும் அதன் பெரும்பகுதி தங்குகிறது. ஆலையில் தீட்டிய 100 கிராம் பச்சரிசியில் தயமின் சுமார் 0.06 மில்லிகிராம், அவ்வாறே தீட்டிய புழுங்கலரிசியில் சுமார் 0.21 மில்லிகிராம். மூன்று மடங்குக்கும் மிகுதியான இவ்வேறுபாட்டை அளிப்பது ஒரு பானை வெந்நீரே. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் கடற்கரை ஜில்லாக்களிலோ அவ்வியாதி நெடுங்காலம் நீடித்தது.

உடல் போரிடும் விதம்

உடலின் பாதுகாப்பை மூன்று அரண்களாகப் பகுத்துக் காணலாம்.

முதல் அரண் வேலியாகும். தோலும், மூக்கு, தொண்டை, நுரையீரல், குடல் ஆகியவற்றின் உட்புறத்தே படர்ந்துள்ள மெல்லிய சவ்வும் கிருமிகளை உள்ளே விடாது தடுக்கின்றன. சவ்வு சுரக்கும் சளி கிருமிகளைப் பிடித்து வெளியேற்றுகிறது. வயிற்றிலுள்ள அமிலம் பலவற்றைக் கொல்லுகிறது. இவ்வேலி பழுதின்றி இருத்தற்கு 'ஏ' ஜீவசத்து இன்றியமையாதது. அது குறையின் சவ்வு உலர்ந்து வெடிப்புறும். மாலைக்கண் நோயும் அதன் அறிகுறியே.

இரண்டாம் அரண் காவற்படையாகும். வேலியைத் தாண்டிய கிருமியை இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் சூழ்ந்து விழுங்கி அழிக்கின்றன. வீக்கமும் காய்ச்சலும் பெரும்பாலும் இப்போரின் அடையாளங்களே. இவ்வணுக்கள் எலும்பின் மச்சையில் நாள்தோறும் கோடிக்கணக்கில் பிறக்கின்றன. அவை பிறப்பதற்குப் புரதமும், துத்தநாகம், இரும்பு முதலிய தாதுக்களும், கீரையிலுள்ள ஃபோலிக் அமிலமும் வேண்டும்.

மூன்றாம் அரண் பயிற்சி பெற்ற படையாகும். ஒருமுறை கண்ட கிருமியை இது நினைவிற் கொண்டு, மறுமுறை வருங்கால் விரைந்து தாக்குகிறது. அதற்கெனவே செய்யப்படும் எதிர்ப்பொருள்கள் யாவும் புரதத்தாலானவை. தடுப்பூசி பயன்படுவது இந்நினைவாற்றலால்தான். ஆயின் கடுமையான பட்டினிக்கு உட்பட்ட குழந்தைகளின் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பி, இப்படையின் ஒரு பிரிவைப் பயிற்றுவிக்கும் அப்பள்ளிக்கூடம், சுருங்கிவிடுகிறது.

மேலும், வியாதியும் உணவுக் குறைவும் ஒன்றையொன்று வளர்ப்பன. பேதி கண்ட குழந்தைக்கு உண்ட உணவு உடலில் ஒட்டாது, காய்ச்சல் உள்ள உடல் தன் தசையையே கரைத்து எரிக்கும், பசியும் குன்றும். இவ்வாறு மெலிந்த உடலை அடுத்த வியாதி எளிதிற் பற்றும். ஸ்க்ரிம்ஷா முதலிய மூவர் 1968ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்ட நூல் இவ்வுண்மையை உலகறியச் செய்தது. கிணற்றை வற்றவிடுவதும் வாய்க்காலை அடைப்பதும் ஒருங்கே நிகழ்ந்தால் பயிர் என்னாகுமோ, அதுவே அக்குழந்தையின் நிலையாகும்.

திருச்சி ஜில்லாவில் கண்ட உண்மை

இது வெறும் ஊகமன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்தோர் திருச்சி ஜில்லாவில் பள்ளிப்பருவம் எய்தாத 15,419 குழந்தைகளை ஓராண்டுக் காலம் கவனித்தனர். ஒரு சாராருக்கு வாரந்தோறும் மிகச் சிறிய அளவில் 'ஏ' ஜீவசத்து கொடுக்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு அது கொடுக்கப்படவில்லை. 1990ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, ஜீவசத்துப் பெற்ற குழந்தைகளில் மரணம் 54 சதவீதம் குறைந்திருந்தது.

இதில் கூர்ந்து கவனிக்கற்பாலது மற்றொன்றுண்டு. பேதியும் சளிக்காய்ச்சலும் இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வந்தன. வியாதி வருவது நிற்கவில்லை. வந்த வியாதி உயிரைக் கொண்டுபோவதே குறைந்தது. அவ்வாரத்துக்குரிய அளவோ, அக்குழந்தைகள் இயல்பாக உணவிற் பெற்றிருக்கவேண்டிய அளவேயன்றி வேறில்லை. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பப்பாளி, மாம்பழம் ஆகியவற்றில் உடல் 'ஏ' ஜீவசத்தாக மாற்றிக்கொள்ளும் மஞ்சட்பொருள் நிறைந்துள்ளது. கொல்லையில் முருங்கை நிற்க, குழந்தைக்கு மாலைக்கண் வருவது ஒரு குடும்பத்துக்குப் பெருங்குறையாகும்.

காசநோயும் கலயமும்

காசநோய்க் கிருமி உடலிற் புகுந்தோர் அனைவரும் நோயாளிகளாவதில்லை. நூற்றுக்கு 5 முதல் 10 பேர்க்கே வாழ்நாளில் நோயாக அது வெளிப்படுகிறது. ஏனையோரிடம் உடலின் காவற்படை அதனைச் சிறைப்படுத்தி வைத்துள்ளது. காவல் தளருங்கால் சிறை உடைகிறது.

சென்னையில் 1956ஆம் ஆண்டு தோன்றிய காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினரை ஆரோக்கிய நிலையத்திற் சேர்த்து நல்லுணவும் ஓய்வும் மருந்தும் தந்தது. மற்றொரு பகுதியினர்க்கு அவர்தம் எளிய வீடுகளிலேயே மருந்து தந்தது. வீட்டு உணவு குறைவானதேயாயினும், தவறாது மருந்துண்டவர்கள் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர் என 1959ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. ஆகவே நோய் கண்டபின் கிருமியைக் கொல்வது மருந்தே. கஷாயமும் கீரையும் அதற்கு ஈடாகா என்பதைக் கிராமத்தார் உறுதியாய்க் கொள்ளவேண்டும்.

ஆயின் நோய் இன்னும் வாராதவரைக் காப்பது எது? இவ்வினாவுக்கு விடை ஜார்க்கண்டில் 2019ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியினின்று கிடைத்தது. 2,800 காசநோயாளிகளின் வீடுகளிலிருந்த 10,345 பேர் அதில் அடங்குவர். நோயாளிகள் யாவர்க்கும் மருந்தோடு உணவுப் பொருள்கள் அளிக்கப்பட்டன. ஒரு பகுதி வீடுகளில் மட்டும் குடும்பத்தார்க்கும் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் தரப்பட்டன. 2023ஆம் ஆண்டு வெளியான முடிவு யாதெனில், உணவு பெற்ற குடும்பத்தாரிடையே காசநோய் 39 சதவீதமும், பிறர்க்குத் தொற்றும் இயல்புடைய நுரையீரற் காசம் 48 சதவீதமும் குறைந்தது என்பதாம். மாதம் ஒன்றரைக் கிலோ பருப்பு என்பது நாளொன்றுக்கு ஒரு கைப்பிடியே. அக்கைப்பிடி ஒரு குடும்பத்தின் வாயிலில் காவல் நிற்கிறது.

மிகையால் வரும் கேடு

நிலமுடையோர் சிலர், 'இவையெல்லாம் ஏழைகளுக்குரிய கவலைகள்' என எண்ணக்கூடும். அது தவறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, புதுச்சேரியில் வயது வந்தோருள் 26.3 சதவீதம் பேர்க்கு நீரிழிவு காணப்பட்டது. கோவாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே மிகுதியான அளவு இதுவாகும். இரத்தத்திற் சர்க்கரை மிகுந்தால் வெள்ளணுக்களின் வேகம் மந்தமாகும். காலிற்பட்ட சிறு முள்ளும் ஆறாப் புண்ணாகும். காசநோய் பற்றும் வாய்ப்போ ஏனையோரினும் ஏறக்குறைய மும்மடங்காகும்.

முன்னாளில் ஏற்றம் இறைத்தும் களைவெட்டியும் உழைத்த உடலுக்கு ஏற்ற சோற்றளவை, இக்காலத்தில் வண்டியில் ஏறி வயலுக்குச் செல்லும் உடலுக்கும் இடுவோமாயின், அது தழைச்சத்து மிகுந்த பயிர் போன்றதே. கூலியாளின் கலயத்தில் பருப்பு இல்லை. மிராசுதாரின் தட்டில் சோறு மிகை. இருவர் வீட்டு வேலியும் உடைந்திருக்க, கிருமி எவ்வாயிலில் நுழைந்தாலும் ஊர் முழுவதற்கும் பரவும்.

ஐதராபாத் நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாளொன்றுக்கு 2000 கலோரி வேண்டுவோர்க்குத் தானியம் 250 கிராம், பருப்பு அல்லது மீன், முட்டை, இறைச்சி 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி லிட்டர் என்பது பொருத்தமான பங்கீடாகும். வயலில் உழைப்போர்க்கு இவ்வளவு கூடும், உட்கார்ந்திருப்போர்க்குக் கூடாது.

நிலத்தில் செய்யத்தக்கவை

உணவை மாற்றுதல் அடுக்களையில் தொடங்குவதாகத் தோன்றினும், உண்மையில் அது வயலிலேயே தொடங்குகிறது.

1. சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன்னர், மண்ணில் மெழுகு பதம் இருக்குங்கால், நிற்கும் நெற்பயிரினூடே உளுந்து அல்லது பச்சைப்பயறு விதைத்தல் நன்று. உளுந்தில் ஆடுதுறை 3 இதற்கேற்றது. ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ விதை போதும். பூக்கும் தருணத்திலும் அதன்பின் 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய்ப்பு மிகும். பனியீரத்திலும் எஞ்சிய ஈரத்திலும் விளையும் இப்பயிர் மண்ணுக்குத் தழைச்சத்தும், வீட்டுக்குப் புரதமும் தருகிறது. அரிசிப் புரதத்திற் குறைவாயுள்ள 'லைசின்' என்னும் பகுதி பயறுகளில் மிகுந்திருத்தலின், இரண்டும் சேர்ந்த உணவே முழுமையாகும். இட்டலியும் பொங்கலும் இவ்வுண்மையை முன்னரே கண்டவை. விளைந்த பயறு முழுவதையும் விற்றுவிடாது, வீட்டுக்கும் ஆண்டுக்கு வேண்டியதை எடுத்துவைத்தல் வேண்டும்.

2. வரப்புகளில் துவரையும், வேலியோரங்களில் அகத்தியும் முருங்கையும் நடலாம். 100 கிராம் முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து 440 மில்லிகிராமும், அகத்திக்கீரையில் 1130 மில்லிகிராமும் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. கீரையைச் சிறிது எண்ணெயோடு சமைத்தால்தான் அதன் மஞ்சட்பொருள் உடலிற் சேரும்.

3. அடுக்களைக் கழிவுநீரைத் தெருவில் தேங்கவிடாது, கொல்லையிலுள்ள வாழை, பப்பாளிகளுக்குத் திருப்புதல் வேண்டும். இதனால் பழமும் கிடைக்கும், கொசுவும் குறையும்.

4. மேட்டுநிலத்தில் ஒரு சிறு பகுதியேனும் கேழ்வரகுக்கு ஒதுக்கலாம். அதில் சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்குச் சுமார் 344 மில்லிகிராம் உளது.

5. அண்மையிலுள்ள கடற்கரை ஊர்களில் மலிவாய்க் கிடைக்கும் நெத்திலியையும் மத்தியையும் ஏளனம் செய்யாது வாங்குதல் நன்று. முள்ளோடு உண்ணப்படும் நெத்திலி புரதமும் சுண்ணாம்பும் ஒருங்கே தருவதாகும்.

6. சோற்றுக்கு அதிகம் தீட்டாத புழுங்கலரிசியே மேலானது. அரிசியைப் பலமுறை கழுவிக் கொட்டுதலும் கஞ்சியை வடித்துக் கீழே ஊற்றுதலும் ஜீவசத்தை வாய்க்காலுக்கு அளிப்பதேயாம்.

கிராம அதிகாரிகளின் கடமை

கொம்யூன் பஞ்சாயத்தாரும் கிராம நிர்வாக அலுவலர்களும் இவ்விஷயத்தில் செய்யத்தக்கன பல. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலவாதபடி காத்தல் முதற்கடமை. அசுத்த நீரால் குடற்சவ்வு மீண்டும் மீண்டும் புண்படுமாயின் எத்துணைச் சத்துள்ள உணவும் உடலிற் சேராது. அங்கன்வாடியில் குழந்தைகளின் எடை மாதந்தோறும் குறிக்கப்படுகிறதா, எடை ஏறாத குழந்தையின் வீட்டை எவரேனும் சென்று கண்டனரா என விசாரித்தல் இரண்டாவது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் உள்ளவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பிச் சளியைச் சோதிக்கச் செய்தல் மூன்றாவது. சோதனையும் மருந்தும் இலவசமாகவே அளிக்கப்படுகின்றன. காசநோயாளியின் உணவுக்கென மத்திய அரசாங்கம் 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிவந்து, 2024 நவம்பர் முதல் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியுள்ளது. வங்கிக் கணக்கு இல்லாமையாலோ, அயலார் அறிவர் என்னும் நாணத்தாலோ அத்தொகை ஒருவர்க்குக் கிட்டாது போகுமாயின், அதனை நீக்குவது அதிகாரிகளுக்கு எளிது.

வேலைக்காரர்க்கு வயலில் கஞ்சி அளிக்கும் வழக்கமுள்ள நிலமுடையோர், அதனோடு ஒரு கைப்பிடி சுண்டலும் சேர்த்து அளிப்பாராயின், செலவு சிறிதே, பயனோ பெரிது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைப்பதே அரிதான இக்காலத்தில், வருகின்ற ஆள் நோயின்றி வருவது நிலமுடையோர்க்கும் இலாபமே.

எச்சரிக்கை ஒன்று

'நோய் எதிர்ப்பைப் பெருக்கும்' என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் மருந்துகளையும் நம்பிப் பணத்தை இழத்தல் வேண்டா. குறையுள்ள உடலுக்குக் குறையை நிரப்புதல் நன்மை தரும். நிரம்பிய உடலுக்கு மேலும் சத்து மாத்திரைகளை ஏற்றுதல் வலிமை தராது. 'ஏ' ஜீவசத்து மாத்திரை அளவு மீறின் நஞ்சாகும். கீரையாலும் பழத்தாலும் அத்தீங்கு நேர்வதில்லை. தடுப்பூசிகளையும் உரிய காலத்தில் தவறாது இடுவித்தல் வேண்டும். வேலி வலுவாயிருப்பதால் காவலாள் வேண்டா என்று எவரும் கூறார்.

வருகின்ற சம்பா அறுவடைக்கு முன் உளுந்து விதைக்கக் கருதும் குடியானவர்கள், ஏக்கர்க் கணக்கை முன்னதாகவே விவசாய இலாகா அலுவலரிடம் தெரிவித்து விதைக்கு ஏற்பாடு செய்துகொள்ளவேண்டும். விதை வீடு சேரும்போதே, கொல்லையில் ஒரு முருங்கைக் கொம்பையும் ஊன்றிவிடலாம். அடுத்த கோடைக்கு அது கீரை தரும்.